கேளாது வந்த மாராயம்

வீரரைப் போற்றும் வழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. ஆம்பூரில் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள், ஆநிரைப் பூசலில் மாண்ட வீரரின் பெயரை ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளாகத் தாங்கி நிற்பவை. மாட்டை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்குக் கல் நட்ட அதே பாலாற்றுப் படுகையில், பின்னாளில் மாட்டுத் தோலைப் பதனிட்டு ஊரே பிழைக்கலாயிற்று. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், தந்தையர் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் மாணவியர் தமக்குள் பார்த்துப் புன்னகை செய்வர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையிலிருந்து வரும் மாணவியரோ நடுகல் என்றதும் நிமிர்ந்து உட்காருவர். வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த ஊர் அது.

நடுகல்லில் ஒரு குறை உண்டு. புகழப்படுபவன் அந்தப் புகழைக் கேட்பதில்லை. தொல்காப்பியர் வெட்சித்திணையில் காட்சி, கால்கோள் எனத் தொடங்கி அடுக்கும் நடுகல் துறைகளில் வாழ்த்தல் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் வாழ்த்தப்படுபவன் மண்ணுக்குள் போய்விடுகிறான். வஞ்சித்திணையில் வேறொரு துறை உண்டு. அரசனிடம் சிறப்புப் பெற்ற வீரன் அந்தப் பெருமிதத்தில் தன்னைத் தானே உயர்த்திப் பேசுவது அது; மாராயம் பெற்ற நெடுமொழி என்பது அதன் பெயர். கொடுப்பவன் அரசன், பேசுபவன் வீரன். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. உடன் நின்று போரிட்டவர், கேளாமலும் எதிர்பாராமலும் ஒருவனைப் புகழ்வது. அந்தப் புகழ் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதைக் கான்சாகிபு எனத் தென்னாடு அழைக்கும் முகம்மது யூசுபுகானின் வாழ்க்கையைப் படித்த நாள்முதல் எண்ணிப் பார்த்து வருகிறேன். பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை ஒருவர் புகழ்ந்தும் இகழ்ந்தும் வரும் நம் வட்டத்துக்கு இப்பொருள் பொருந்தும் என்று எண்ணியே இக்கட்டுரையைத் தருகிறேன்.

ஆம்பூரில் விழுந்த யானை

கான்சாகிபின் கதை மதுரைக்கதை. எனினும் அதன் வேரை ஆம்பூரில்தான் தேட வேண்டும். 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்க் கணவாயருகே ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன்கான், சந்தாசாகிபும் முசாபர்ஜங்கும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நடத்திய படையை எதிர்த்து நின்றார். அவர் நூறு வயதைக் கடந்தவர் என எழுதியோர் உளர். யானைமேல் இருந்து போரிட்ட அந்த முதியவரைத் துப்பாக்கிக் குண்டு வீழ்த்தியது. மூத்த மகன் மாபூசுகான் சிறைப்பட்டார். இளையவர் முகம்மது அலி தப்பி ஓடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்தார். கருநாடகத்தின் அடுத்த பதினைந்தாண்டு வரலாறு அந்த ஓட்டத்தின் பின்விளைவே எனலாம். பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கான்சாகிபைத் தூக்கிலிடச் செய்தவரும் ஆம்பூரிலிருந்து தப்பி ஓடிய இந்த முகம்மது அலிதான்.

(ஆம்பூர் என்ற பெயர் படைவீரர் நெஞ்சில் வேறொரு வகையிலும் பதிந்தது. 1767 இல் ஐதர் அலியின் முற்றுகையிலிருந்து ஆம்பூர் மலைக்கோட்டையைக் காத்த சென்னைச் சிப்பாய்ப் படைப்பிரிவு, அவ்வூர்ப் பெயரையே தன் விருதாகத் தாங்கியது. கோட்டையைக் காத்தவருள் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?)

திருச்சிக்குள் அடைபட்ட முகம்மது அலியை மீட்க 1751 இல் ராபர்ட் கிளைவு ஆர்க்காட்டைப் பிடித்தார். அவருடன் சென்றவர் ஏறத்தாழ இருநூறு ஐரோப்பியரும் முந்நூறு சிப்பாய்களும். சந்தாசாகிபின் மகன் ராசாசாகிபு ஐம்பது நாள் கோட்டையை வளைத்து நின்றார். உணவு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்து வடித்த கஞ்சியைத் தாம் குடித்தனர் என்பது, மெக்காலே எழுதிப் பரப்பிய கதை. கதை உண்மையோ அன்றோ, அதில் ஒரு செய்தி இருக்கிறது. கும்பினி சிப்பாய்களைப் புகழ விரும்பியபோது அவர்கள் விட்டுக்கொடுத்ததைத்தான் புகழ்ந்தது. கஞ்சி குடித்தவருள் ஒருவர் பெயரையும் அக்கதை சொல்வதில்லை. பெயர் சொல்லிப் புகழப்பட்ட சிப்பாய் அடுத்த ஆண்டில்தான் வருகிறார்.

பனையூர்ப் பிள்ளை

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் 1725 ஐ ஒட்டி வேளாளர் குடியில் மருதநாயகம் என்னும் பெயரோடு பிறந்தார் என்பது மரபுவழிச் செய்தி. இளமையில் வீட்டை விட்டு வெளியேறி இசுலாத்தைத் தழுவி முகம்மது யூசுபுகான் ஆனார். புதுச்சேரியிலும் நெல்லூரிலும் சிறு வேலைகளிலிருந்து படைப்பணி வரை பார்த்தார் என்பர். மாசா என வழங்கப்பட்ட, போர்த்துக்கீசியக் கலப்புக் குடியில் பிறந்த கிறித்தவப் பெண்ணை மணந்தார். வேளாளராய்ப் பிறந்து, முகம்மதியராய் வளர்ந்து, கிறித்தவப் பெண்ணை மணந்து, கடைசியில் மீனாட்சியின் நகரை ஆண்டவர். எந்தக் கூட்டமும் அவரை முழுதும் தன்னவர் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தனியரான அத்தகையோருக்கு உடன் பணிபுரிவோரின் ஒரு நல்ல சொல் மற்றவர்க்கு இருப்பதினும் பெரிதாய் இருக்கும் என்பது என் எண்ணம்.

1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் ஒரு போர் நடந்தது. இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஏரிக்குப் பெயர்போன அதே ஊர்தான். மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தது பிரெஞ்சுப் படை. இருளில் ஒரு பிரிவைப் பின்புறமாக அனுப்பி அப்பீரங்கிகளைக் கைப்பற்றினார் கிளைவு. அந்நாள்களை ஒட்டியே யூசுபுகான் தம் சிறு சிப்பாய்க் கூட்டத்துடன் கும்பினிப் படையில் கிளைவின்கீழ் சேர்ந்தார். பாலாற்றங்கரையில் சேர்ந்த ஒரு கூலிப்படைத் தலைவர், அவ்வளவே. அக்காலத்தில் அவரைப் போன்றோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர்.

நெல்வண்டிகளும் ஒரு கடிதமும்

அவரைத் தனித்துக் காட்டியது திருச்சி. சந்தாசாகிபு 1752 சூனில் கொல்லப்பட்ட பின்னும் அங்கே போர் ஓயவில்லை. கோட்டையைத் தருவதாக வாக்களித்து மைசூர்ப் படையை அழைத்திருந்த முகம்மது அலி, வெற்றிக்குப் பின் வாக்கைக் காக்கவில்லை. சினந்த மைசூராரும் முராரிராவின் மராட்டியரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றுசேர்ந்து 1753, 1754 ஆம் ஆண்டுகளில் கோட்டையைச் சுற்றினர். கும்பினிப் படையின் தலைவர் மேசர் சிட்ரிங்கர் லாரன்சு பொன்மலை அடிவாரத்திலும் பிற இடங்களிலும் வெற்றி கண்டார். ஆயினும் வயிற்றுக்கு வெற்றி சோறு போடுமா? கோட்டைக்கு நெல் வர வேண்டிய வழிகள் இரண்டே. ஒன்று தஞ்சைச் சமவெளி, மற்றொன்று புதுக்கோட்டைத் தொண்டைமானின் காடுகள். வண்டிகளும் பொதிமாடுகளும் இரவில் புறப்பட்டுப் பகைவர் குதிரைக்கு அகப்படாமல் விடியுமுன் கோட்டையை அடைய வேண்டும்.

அந்த வேலையைத்தான் யூசுபுகான் ஏற்றார். போர்க்கள வீரத்தைப் பாடுவோர் பலர். நெல்லை வழிநடத்தும் வீரத்தைப் பாடியவர் குறைவு. எந்தக் காட்டுத்தடம் எங்கே பிரியும், எந்த ஊரார் வாய்திறவாமல் இருப்பர், நிலவு எப்போது எழும் என்பவற்றையெல்லாம் அறிந்தவனுக்கே அது கைகூடும். கோட்டைக்குள் இருந்தோர் பட்டினியால் சரணடையாமல் இருந்ததற்கு அவர் பங்கு பெரிது. அத்தகைய தொடர் ஒன்று கைதவறினால் என்னாகும் என்பது 1754 பிப்ரவரியில் தெரிந்தது. திருச்சிக்கு வந்துகொண்டிருந்த பெரிய உணவுத் தொடர் ஒன்றைப் பகைக்குதிரைகள் வளைத்து அழித்தன. லாரன்சின் மிகச் சிறந்த ஐரோப்பியக் கிரனேடியர்ப் பிரிவு அதனோடு அழிந்தது.

அவ்வாண்டில்தான் லாரன்சு சென்னை ஆட்சிக்குழுவுக்கு யூசுபுகானைப் பற்றி எழுதினார். லாரன்சு ஆளுநர் சாண்டர்சுடனேயே ஒத்துப்போகாதவர். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும் பழைய சிப்பாய். தமக்கு மேலானவரையே எளிதில் மெச்சாத அவர், தமக்குக் கீழிருந்த ஒரு கறுப்புச் சுபேதாரைக் கடிதத்தில் மனம்விட்டுப் பாராட்டினார். நாட்டின் நிலத்தை நன்கறிந்தவர். துணிந்தவர், ஆனால் களத்தில் நிதானம் இழக்காதவர். தம் உடலைப் பேணாமல் ஒவ்வொரு பணிக்கும் தாமே போகிறவர். பிறவியிலேயே படைவீரர் என்பன அதில் அடங்கும். எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்த குறிப்பு ஒன்று உண்டு. எதையும் தாம் கேட்பதற்கு முன்பே அவர் முன்வந்து நிற்பதால், கேட்க வேண்டிய நிலையே தமக்கு நேர்வதில்லை என லாரன்சு வியந்திருக்கிறார். கேளாமல் பணி செய்தவருக்குக் கேளாமல் வந்த புகழ் அது.

அதே கடிதத்தில் மற்றொன்றும் இருக்கிறது. அவருடைய நிறத்தவருள் இவரினும் சிறந்த வீரரைத் தாம் இந்நாட்டில் கண்டதில்லை என்கிறார் லாரன்சு. மனமாரப் புகழ்ந்தவரே அந்தப் புகழைச் சுற்றி ஒரு வேலியையும் போட்டுவிட்டார். இவ்வளவு உயரலாம், இதற்கு மேல் இல்லை என்பதே அவ்வேலியின் பொருள். லாரன்சு அதை இழிவாக எண்ணி எழுதவில்லை. அவர் காலத்து ஆங்கிலேயருக்கு அது மூச்சுவிடுவது போல் இயல்பு. எழுதியவர் அறியாமலே எழுதிய அச்சொல்தான் பத்தாண்டு கழித்து யூசுபுகானின் கழுத்தில் விழுந்தது என்று நான் கருதுகிறேன். கடிதத்தைப் புகழ்ச்சியாக மட்டும் எடுத்துக்காட்டும் நூலாசிரியர்கள் அந்தச் சிறு தொடரைக் கடந்துபோய்விடுகின்றனர்.

பாராட்டு வெறுஞ்சொல்லாய் நிற்கவில்லை. கும்பினிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக, கமாண்டராக, 1754 இல் அவர் அமர்த்தப்பட்டார். அவர் வீரத்தைப் போற்றிப் பொற்பதக்கமும் அளித்தனர். ஏனாதி மோதிரம் வழங்கிய தமிழ்வேந்தர் மரபை அறிந்த நமக்கு இது புதிதாய்த் தோன்றாது. ஆயினும் வணிகக் குழு ஒன்று இந்நாட்டான் ஒருவனுக்கு இத்தகைய சிறப்புச் செய்தது அந்நாளில் பெரும் புதுமை.

புகழுக்கு நிழல்

உடன் பணிபுரிவோர் புகழ்ந்தால் உடன் பணிபுரிவோரே பொறாமையும் கொள்வர். லாரன்சுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு துபாஷியை ஆங்கில ஏடுகள் போனியப்பா எனக் குறிக்கும். யூசுபுகானின் செல்வாக்கு அவர் கண்ணை உறுத்தியது. மைசூரின் நஞ்சராசரோடு அவர் மறைவில் தொடர்பு கொண்டிருந்தார். யூசுபுகான் இருக்கும்வரை கோட்டைக்கு உணவு நிற்காது என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். வாளால் வீழ்த்த முடியாதவரைத் தாளால் வீழ்த்தத் துணிந்தனர். யூசுபுகான் திருச்சியைக் காட்டிக்கொடுக்க இசைந்துவிட்டார் என்று பொருள்படும் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கைக்கு வந்துசேருமாறு செய்யப்பட்டது. அதைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பும் அந்தத் துபாஷியிடமே வந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

நேற்றுவரை மெச்சியவர்கள் இன்று விசாரிக்க அமர்ந்தனர். ஆங்கில அதிகாரிகள் ஆராய்ந்தனர். கடிதத்தைக் கொண்டுவந்த பிராமணரை நெருக்கினர். முடிவில் உண்மை வெளிப்பட்டது. துபாஷி பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். யூசுபுகான் குற்றமற்றவர் எனத் தெளிந்தனர்.

வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை விரிவாய் எழுதியிருக்கிறார். அவர் எழுதாத ஒன்றை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. விசாரணை முடியும்வரை அந்த மனிதர் தம் கூடாரத்தில் எப்படி இருந்திருப்பார்? புகழ்ந்தவரின் நம்பிக்கை ஒரு துண்டுத்தாளில் ஆடிப்போகும் என்பதை அப்போதே அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். பாராட்டும் ஐயமும் ஒரே ஆண்டில், ஒரே கூட்டத்தாரிடமிருந்து வந்தன. நம்மில் எத்தனை பேர் அதற்குப் பின்னும் அதே ஆர்வத்தோடு பணிக்குப் போவோம்? அவர் போனார். அடுத்த ஆண்டே கர்னல் எரோனுடன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குப் புறப்பட்டார். கோவில்குடிக் கோயிலிலிருந்து விக்கிரகங்களைக் கவர்ந்து சென்றதால் கள்ளர்களின் சினத்துக்கு ஆளானது எரோனின் படை. நத்தம் கணவாயில் அதன் விலையைக் கொடுத்தது. எரோன் படைநீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதவி இழந்தார். யூசுபுகானின் மதிப்பு உயர்ந்தது.

பகைவரின் சான்று

1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். தெற்கிலிருந்த யூசுபுகான் அழைக்கப்பட்டார். செங்கற்பட்டிலிருந்த காப்டன் பிரஸ்டனோடு சேர்ந்து அவர் கோட்டைக்குள் போகாமல் வெளியே நின்றார். பிரெஞ்சுக்காரருக்கு வரும் உணவை மறித்தார். ஒரு புறம் அடித்து விரட்டினால் மறுபுறம் தோன்றினார். திருச்சியில் உணவு கொண்டுசெல்லக் கற்றதை இங்கே உணவு தடுக்கப் பயன்படுத்தினார் எனலாம். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையருகே பெரும்போர் நடந்தது. அம்மாத நடுவில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். இவர்களை விரட்ட விரட்ட வேறிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களோடு ஒப்பிட்டுச் சலித்துக்கொண்டார் லாலி. பகைவன் வாயிலிருந்து வந்த அந்தச் சலிப்பைப் பதக்கத்தினும் மேலான பாராட்டாக நான் எண்ணுகிறேன். அதில் நிறத்தைப் பற்றிய வேலி எதுவும் இல்லை.

பிரஸ்டன் பெயரை இங்கே நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். தோளோடு தோள் நின்ற நண்பர் அவர்.

மதுரை

1759 இல் மீண்டும் தெற்கே சென்ற யூசுபுகான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பேற்றார். அவரைப் பற்றி எழுதுவோர் இங்கே இரண்டு பிரிவாவர். ஒரு சாரார் அவரை விடுதலை வீரர் என்பர். மறுசாரார் பாளையக்காரரை ஒடுக்கிய கும்பினியின் கருவி என்பர். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்டு 1761 இல் அவர் கோட்டைகளைப் பிடித்தவர் யூசுபுகான்தான். வாசுதேவநல்லூரில் அவரே தோற்றுத் திரும்பியதும் உண்டு. பூலித்தேவரைப் போற்றும் ஊரில் கான்சாகிபைப் போற்றிப் பேசினால் எதிர்ப்பு வரும், வரத்தான் வேண்டும். அவர் கையில் தூக்குக்கயிறு இருந்தது. அதை அவர் தயங்காமல் பயன்படுத்தினார். இதை மறைத்து எழுதுவது வாழ்க்கை வரலாறு ஆகாது.

எனினும் ஆட்சி என்று பார்த்தால், கொள்ளை அடங்கிற்று. நெசவும் வாணிகமும் தலையெடுத்தன. மீனாட்சி கோயிலின் வருவாயைச் சீர்செய்தவர் என்று மதுரை மரபு இந்த முகம்மதியரை நினைவில் வைத்திருக்கிறது. மதுரையின் கான்சாமேட்டுத் தெருவும் தென்பாண்டிக் கான்சாபுரமும் அவர் பெயரால் வழங்குவன என்பர். அவர் மறைந்து இருபதாண்டு கழித்து அப்பகுதியில் படை நடத்திய கர்னல் புல்லார்ட்டன், 1787 இல் வெளியிட்ட நூலில் அவருடைய ஆட்சியை முன்மாதிரியாக எடுத்துக்காட்டுகிறார். நீதியில் ஐயமில்லை, சொன்ன சொல் மாறவில்லை, குற்றம் செய்தவர் தப்பவில்லை என்பது அவர் தரும் சான்றின் சாரம். தாம் பணிபுரிந்த கும்பினியே கலகக்காரன் எனத் தூக்கிலிட்ட ஒருவரைப் பற்றி அதே கும்பினியின் படைத்தலைவர் எழுதியது இது.

சிக்கல் நவாபிடமிருந்து வந்தது. ஆம்பூரிலிருந்து ஓடிவந்த முகம்மது அலி இப்போது கருநாடகத்தின் தலைவர்; கும்பினியின் கடனாளியும்கூட. தம் பெயரால் ஒருவர் மதுரையில் இவ்வளவு உயர்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. யூசுபுகான் நவாபின் ஊழியரா, கும்பினியின் ஊழியரா என்ற கேள்வி எழுந்தது. யூசுபுகான் தம்மைக் கும்பினியின் படைத்தலைவராகவே எண்ணினார். அவருக்குப் பதக்கம் தந்தது கும்பினி. கடிதம் எழுதியவர் லாரன்சு. நவாபோ அவரைத் தம் குத்தகைதாரராக மட்டுமே கண்டார். கணக்குப் போட்டுப் பார்த்த சென்னை ஆட்சிக்குழு நவாபின் பக்கம் சாய்ந்தது. பாராட்டுக் கடிதங்கள் கணக்கேட்டில் ஏறுவதில்லை.

1763 இல் யூசுபுகான் பணிய மறுத்தார். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ச்சந்து என்னும் பிரெஞ்சு அதிகாரியின் துணை கிடைத்தது. அவ்வாண்டு கர்னல் மான்சன் தலைமையில் வந்த முற்றுகை மழைக்காலத்தில் பின்வாங்கியது. அப்போது சென்னையில் கும்பினிப் படைக்குத் தலைமை வகித்தவர் யார் என நினைக்கிறீர்கள்? சிட்ரிங்கர் லாரன்சுதான். தாம் வளர்த்து, தாம் மெச்சி, தாம் உயர்த்திய வீரர்மேல் படை செல்வதை அவர் தலைமைப் பதவியிலிருந்தே பார்க்க நேர்ந்தது.

1764 இல் மேசர் சார்லசு காம்பெல் தலைமையில் இரண்டாம் முற்றுகை. சூன் 26 அன்று மதுரைக் கோட்டைமேல் பெருந்தாக்குதல் நடந்தது. யூசுபுகான் அதை முறியடித்தார். தாக்கி வந்தவருள் ஒருவர் பிரஸ்டன். செங்கற்பட்டிலிருந்து சேர்ந்து குதிரை செலுத்திய அதே பிரஸ்டன், பழைய நண்பரின் மதிலடியில் படுகாயமுற்று, பின்னர் அக்காயத்தாலேயே இறந்தார். இதற்கு எந்தத் துறையைப் பெயராய் இடுவது என எனக்குத் தெரியவில்லை. நொச்சியும் உழிஞையும் மதிலின் இருபுறத்தைச் சொல்லும். இருபுறமும் நின்ற நட்பைச் சொல்வதில்லை.

மதிலால் வீழாதவர் உள்ளிருந்தோரால் வீழ்ந்தார். பட்டினி நெருக்கியது. திருச்சியில் பட்டினியை வென்றவருக்கு மதுரையில் நெல்வழி காட்ட இன்னொரு யூசுபுகான் இல்லை. 1764 அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபாசாகிபும் மார்ச்சந்தும் கூடி அவரைப் பிடித்துக் கட்டி ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடித்தனர் என்று மக்கள் சொல்வர். இரண்டு நாள் கழித்து, 15 ஆம் நாள், மதுரைக்கு மேற்கே நவாபின் பாசறையருகில் அவர் தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்றும், இறந்தபின் உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்றும் கதைகள் உண்டு. இறந்த பின்னும் அஞ்சினர் என்பதைச் சொல்ல மக்கள் மனம் கண்டுபிடித்த வழி அக்கதைகள்.

பின் வந்த புகழ்

அவர் இறந்த பின் புகழ் தாராளமாக வந்தது. ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த இந்தியப் படைவீரருள் அவரைத் தலைசிறந்தவராகவும் மிகத் திறமையானவராகவும் மதித்தார் சர் சான் மால்கம். 1914 இல் எசு. சி. இல் என்பவர் அவருக்கென்றே தனிநூல் எழுதினார். 1972 இல் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1997 இல் மருதநாயகம் என்னும் பெயரில் திரைப்படம் ஒன்று, இங்கிலாந்து அரசியார் இரண்டாம் எலிசபெத்து முன்னிலையில் சென்னையில் தொடங்கப்பெற்று நின்றுபோயிற்று. தூக்கிலிட்ட நாட்டின் அரசியே அவர் கதையின் தொடக்கவிழாவுக்கு வந்தார் என்பதை எண்ணி அன்று எங்கள் ஆசிரியர் அறையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கதைப்பாடலைப் பற்றி ஒரு சொல். நம் வட்டத்துக் கவிஞர் சிலர் கதைப்பாடல்களை இலக்கியமாக ஏற்கத் தயங்குவதை அறிவேன். யாப்பு தளர்ந்திருக்கும், சொல் திரிந்திருக்கும். ஆனால் இவ்வளவு சிக்கலான ஒரு மனிதரைத் தமிழில் முதலில் பாடியது புலவர் அவையன்று. தெருவில் நின்று பாடியவர்களே. லாரன்சின் கடிதம் அவர்களுக்குத் தெரியாது, பதக்கமும் தெரியாது. அவர்கள் தாமாகவே பாடினர்.

லாரன்சு 1775 இல் இலண்டனில் இறந்தார். கும்பினி அவருக்கு வெசுட்மினிசுட்டர் மடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பியது. அதில் திருச்சிராப்பள்ளியின் தோற்றத்தைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். அந்த ஊரைக் காத்த நெல்வண்டிகளை ஓட்டிவந்தவருக்கு மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு தர்கா இருக்கிறது. 1808 இல் கட்டப்பட்டதாகச் சொல்வர். ஆராய்ச்சி மாணவியாய் இருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கே சென்றேன். பேருந்தில் வந்திறங்கிய இரண்டு பெண்கள் குழந்தைக்குக் காய்ச்சல் தீர வேண்டிச் சர்க்கரை வைத்துக்கொண்டிருந்தனர். அவர் யார் என்று கேட்டேன். கான்சாகிபு என்றார் ஒருவர். பெரியவர், நல்லவர் என்றார் மற்றவர். வேறொன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. குழந்தையின் நெற்றியில் சிறிது திருநீறு இருந்தது.